டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையும் திருநம்பிகளின் மகப்பேறும்

பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சிகிச்சையாகத் தொடங்க வரும்போது அவரிடம், "இதற்குப் பிறகு குழந்தை பிறக்காது, சம்மதமா?" என்று கேட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நெடுங்காலம் மருத்துவ வழக்கமாகவே இருந்துவந்தது. அந்த ஒற்றை வரியை நம்பித் தனக்கென ஒரு குழந்தை என்ற எண்ணத்தையே கைவிட்டவர்கள் உண்டு. அதே வரியை நம்பிக் கருத்தடை தேவையில்லை என்று இருந்து, எதிர்பாராமல் கருவுற்றவர்களும் உண்டு. நீண்ட காலம் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வது கருவளத்தைக் குறைக்கிறது, பெரும்பாலும் நிறுத்தியும் வைக்கிறது. ஆனால் அதை அடியோடு அழித்துவிடுகிறது என்று சொல்வதற்கு இதுவரை சேர்ந்துள்ள சான்றுகள் இடம் கொடுக்கவில்லை. மருந்தை விட்டவுடன் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்று எவருக்கும் உறுதி கூறவும் முடியாது. இந்த இரண்டையும் சேர்த்தே ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் முதல் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

"குழந்தை பிறக்காது" என்ற வரி பரவியதில் ஆய்வுக்கூடத்தைவிடச் சட்டத்தின் பங்கே அதிகம். ஆவணங்களில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இனப்பெருக்க ஆற்றலை இழந்திருக்க வேண்டும் என்று பல நாடுகள் வெளிப்படையாகவே விதித்திருந்தன. சுவீடன் அந்த நிபந்தனையை 2013இல்தான் கைவிட்டது. அதன்படி அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தவர்களுக்கு இழப்பீடு வழங்க 2018இல் முடிவு செய்தது. இத்தகைய நிபந்தனை தனிவாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சு தொடர்பான வழக்கில் 2017இல் தீர்ப்பளித்தது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்கு வர 2023 அக்டோபர் ஆயிற்று. ஆணாக வாழ வேண்டுமா, பிள்ளை பெற வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சட்டமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்பவரின் சினைப்பை என்னவாகிறது என்று ஆராய்வதில் மருத்துவ உலகம் அக்கறை காட்டவில்லை. இன்று நம் கையில் இருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை. பலவற்றில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும் சிறியது. அந்த அளவுக்குள்தான் அவற்றின் முடிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடலுக்குள் நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்புகிறது, பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்னும் இரு ஹார்மோன்களைச் சுரந்து சினைப்பையைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலால்தான் மாதந்தோறும் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவருகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் தொடர்ந்து உடலுக்குள் போகும்போது, போதிய அளவு ஹார்மோன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூளை தன் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. கருப்பையின் உட்சவ்வையும் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகப் பாதித்து மெலியச் செய்கிறது. இவற்றின் விளைவாகப் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மடையை அடைத்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது, ஆனால் ஏரி வற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இங்கும் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான்.

ஏரி என்று இங்கே சொல்லத்தக்கது, சினைப்பையில் உறங்குநிலையில் கிடக்கும் முட்டைகளின் இருப்பு. பிறக்கும்போது 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருக்கும் அந்த இருப்பு, பருவம் எய்தும்போது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும்; அதன் பிறகும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். உறங்குநிலை முட்டைகள் எஃப்.எஸ்.ஹெச். தூண்டுதலை நம்பி இருப்பவை அல்ல என்பதால், மேலிருந்து வரும் சமிக்ஞை நின்றாலும் அவை அங்கேயே இருக்கின்றன. ஏ.எம்.ஹெச். என்ற இரத்தப் பரிசோதனை அந்த இருப்பைக் குத்துமதிப்பாகக் காட்டும். டெஸ்டோஸ்டிரோன் தொடங்கி ஓராண்டுக்குப் பின் எடுத்த பரிசோதனைகளில் அந்த அளவு சற்றே குறைந்தாலும் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளிலும் வயது நிற்பதில்லை. இருபத்திரண்டு வயதில் சிகிச்சையைத் தொடங்கி முப்பத்தெட்டு வயதில் குழந்தை வேண்டும் என்று வருபவருக்கு முட்டைகள் குறைவாகக் கிடைத்தால், அந்தக் குறைவின் பெரும்பகுதி பதினாறு ஆண்டுக்கால வயதின் விளைவாகவே இருக்கக்கூடும். எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளாத பெண்ணுக்கும் முப்பத்தைந்துக்கு மேல் அதே சரிவுதான்.

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சினைப்பைகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொல்வது ஒன்றுபோல் இல்லை. வெளியுறை தடித்திருப்பதாகவும், இடைத்திசு பெருகியிருப்பதாகவும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் காணும் தோற்றத்தை ஒத்திருப்பதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில, அப்படி எதுவும் இல்லை என்கின்றன. ஆனால் முட்டைகள் இருக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஓராண்டுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்த 16 பேரின் சினைப்பைகளிலிருந்து எடுத்த முட்டைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை முதிர்ச்சி அடைந்தன. அப்படி முதிர்ந்தவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளமைப்பு இயல்பாகவே இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்திச் செய்த ஆய்வுகளிலும், சுழற்சி நின்றுபோன எலிகளிடமிருந்து எடுத்த முட்டைகள் கருவுற்றுப் பிளவுபடத் தொடங்கின. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்பதில்லை. ஆனாலும் பல திசைகளிலிருந்து வரும் சான்றுகள் ஒரே பக்கம் கைகாட்டும்போது அதற்கு மதிப்பு உண்டு.

முட்டைகள் உயிருடன் இருக்கின்றன என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்றுவிட்டாலும் அவ்வப்போது ஒரு முட்டை வெளிவந்துவிடலாம். நெதர்லாந்தில் 52 திருநம்பிகளின் சினைப்பைத் திசுக்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு அண்மையில் முட்டை வெளிவந்ததற்கான அடையாளம் இருந்தது. அவர்கள் அனைவரும் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஆகவே விந்தணு உடலுக்குள் செல்லும் வாய்ப்புள்ள உறவில் இருக்கும் எந்தத் திருநம்பியும், கருவுற விரும்பாதவரையில், தனியாக ஒரு கருத்தடை முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆணுறை, தாமிரத்தாலான அல்லது புரோஜெஸ்டின் வெளியிடும் கருப்பைச் சாதனம், தோலுக்கடியில் வைக்கும் சாதனம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஆகியவை டெஸ்டோஸ்டிரோனுடன் சேர்த்துப் பயன்படுத்தத் தக்கவை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரைகளைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையையும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2019இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான நிகழ்வு சான்றாக இருக்கிறது. 32 வயதுத் திருநம்பி ஒருவர் கடுமையான வயிற்றுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவர் முன்பு டெஸ்டோஸ்டிரோனும் இரத்த அழுத்த மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர். காப்பீடு போய்விட்டதால் இரண்டையும் நிறுத்தியிருந்தார். மாதவிடாய் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தான் திருநம்பி என்பதையும், அன்று காலை வீட்டில் செய்த பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையும் அவரே செவிலியரிடம் சொன்னார். இருந்தும், பதிவேட்டில் ஆண் என்று இருந்ததாலும், பருமனான உடல்வாகும் இரத்த அழுத்தமும் கொண்ட ஒருவருக்கு வந்த சாதாரண வலி என்று முதல் மதிப்பீட்டில் எடுத்துக்கொண்டதாலும், அவர் அவசரமில்லாதவர் பட்டியலில் வைக்கப்பட்டார். சில மணி நேரம் கழித்து மருத்துவர் பரிசோதித்தபோதுதான் அவர் நிறைகர்ப்பத்தை நெருங்கியிருப்பதும், தொப்புள்கொடி நழுவி இறங்கியிருப்பதும் தெரிந்தன. குழந்தை இறந்தே பிறந்தது. அதே அறிகுறிகளோடு ஒரு பெண் வந்திருந்தால் நிமிடங்களில் பிரசவப் பிரிவுக்குக் கொண்டு சென்றிருப்பார்கள் என்பதை அந்தக் கட்டுரையை எழுதிய மருத்துவர்களே சுட்டிக்காட்டினார்கள். நோயாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேட்டவர்களின் மனத்தில் "கருவுற்ற ஆண்" என்ற ஒருவருக்கு இடமிருக்கவில்லை. இதைப் படிக்கும் எந்த மருத்துவப் பணியாளரும் தம் மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி, குழந்தை வேண்டும் என்போருக்கான வழிகள். டெஸ்டோஸ்டிரோன் தொடங்குவதற்கு முன்பே முட்டைகளை எடுத்து உறைநிலையில் சேமித்துவைப்பது இவற்றுள் நன்கு நிலைபெற்றது. உறைய வைத்த முட்டையிலிருந்து முதல் கர்ப்பம் 1986இலேயே நிகழ்ந்துவிட்டது. ஆனாலும் மிகவேகமாகக் குளிரூட்டும் முறை வந்த பிறகே இது நம்பத்தக்க சிகிச்சை ஆயிற்று, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் "சோதனை நிலை" என்ற வகையிலிருந்து 2012இல் நீக்கியது. உலகத் திருநர் நலத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறையும், ஹார்மோன் சிகிச்சைக்கு முன்பே கருவளச் சேமிப்பு குறித்துப் பேச வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது.

முட்டை எடுக்கும் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் திருநம்பி ஒருவருக்கு இதில் கடினமானது ஊசி அன்று. பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை தினமும் வயிற்றுத் தோலில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் ஒன்றாக முதிர வேண்டிய முட்டையைப் பலவாக முதிரச் செய்வதே அதன் நோக்கம். முட்டைகள் வளரும் குமிழ்கள் எந்த அளவுக்கு வந்திருக்கின்றன என்று பார்ப்பதற்காக இடையிடையே ஸ்கேன் எடுப்பார்கள். வழக்கமாக அது பிறப்புறுப்பின் வழியே கருவியைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன். குமிழ்கள் வளர வளர ஈஸ்ட்ரோஜென் அளவு ஏறும். மார்பில் வலியும் வீக்கமும் வரலாம், வயிறு உப்பலாம். கடைசியாக ஒரு தூண்டல் ஊசி போட்டு, ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து, மயக்கத்தில் வைத்து, ஸ்கேனில் பார்த்தபடியே பிறப்புறுப்பின் சுவர் வழியாக நுண்ணிய ஊசியைச் செலுத்தி ஒவ்வொரு குமிழிலிருந்தும் திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். அந்தத் திரவத்தில்தான் முட்டை இருக்கும். முழு வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

உடலின் எந்தப் பகுதிகளை நினைக்காமல் இருக்கவே ஒருவர் இத்தனை காலம் முயன்றாரோ, அதே பகுதிகளை இரண்டு வாரம் அன்றாடம் கவனிக்கச் சொல்லும் சிகிச்சை இது. பெண்களுக்கென்று அமைந்த காத்திருப்பு அறையில், பழைய பெயரைச் சத்தமாக அழைத்துக் கூப்பிடும் ஊழியருக்கு முன் உட்கார்ந்திருப்பது சிலருக்கு ஊசியைவிட வலிக்கிறது. இந்தத் துன்பத்தைக் குறைக்க வழிகள் உண்டு. கேட்டால் செய்துகொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்குப் பதிலாக வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்கலாம். படத்தின் தெளிவு சற்றுக் குறைந்தாலும் பலருக்கு அது போதுமானது. லெட்ரோசோல் என்ற மாத்திரையைச் சேர்த்துக்கொடுத்தால் ஈஸ்ட்ரோஜென் பெரிதாக ஏறாது. இது முதலில் மார்பகப் புற்றுநோய்க்கென வந்த மருந்து. கருவளச் சிகிச்சையில் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. மாதவிடாய்க்காகக் காத்திராமல் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கும் முறையும் உண்டு. கடைசித் தூண்டல் ஊசியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் வெகுவாகக் குறையும். இவை எதுவும் சலுகை அன்று, சிகிச்சையின் பகுதி. தயங்காமல் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பல ஆண்டுகளாக டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வாய்ப்பு உண்டா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பாஸ்டனில் 26 திருநம்பிகளின் முட்டைத் தூண்டல் முடிவுகளை, அதே வயதும் உடலமைப்பும் கொண்ட 130 பெண்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு 2019இல் ஆய்வு ஒன்று வெளியானது. அந்தத் திருநம்பிகளுள் ஐந்தில் மூன்று பேர் முன்பு டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்கள். சராசரியாக நான்கு மாதம் நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்கள். திருநம்பிகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 20 முட்டைகளும், ஒப்பீட்டுக் குழுவுக்கு 16 முட்டைகளும் கிடைத்தன. தூண்டல் மருந்து மட்டும் அதிக அளவில் தேவைப்பட்டது. அந்த 26 பேரில் கருவை வைத்துக் குழந்தை பெறும் கட்டம் வரை சென்ற ஏழு இணையருக்கும் குழந்தை பிறந்தது. ஏழு என்பது சிறிய எண்தான். ஆயினும் "முடியாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்பட்டுவந்த ஒன்றை மறுப்பதற்கு அது போதும்.

நான்கு மாதம் நிறுத்தி வைப்பது எல்லோராலும் தாங்கக்கூடியது அல்ல. குரல் பழையபடி மாறாது, வளர்ந்த தாடி போய்விடாது. ஆனால் மாதவிடாய் திரும்பும், கொழுப்பு படியும் இடங்கள் மாறத் தொடங்கும், மனநிலை குலையலாம். அதனால், டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தாமலே அல்லது மிகச் சில நாட்கள் மட்டும் நிறுத்தி முட்டை எடுக்கும் முயற்சிகள் அண்மைக்காலத்தில் நடந்துவருகின்றன. முதிர்ந்த முட்டைகள் கிடைத்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எல்லாக் கருவள மையங்களிலும் இதைச் செய்வதில்லை. ஆனாலும் "ஆறு மாதம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவரிடம், அந்த ஆறு மாதத்துக்கு என்ன ஆதாரம் என்று மரியாதையோடு கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. இத்தனை மாதம் கட்டாயம் என்று ஆய்வு எதுவும் இதுவரை நிறுவவில்லை.

சேமிப்பில் எத்தனை முட்டை இருக்கிறதோ அத்தனை குழந்தை என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. எடுத்தவற்றில் சில முதிராதவையாக இருக்கும். உறைநிலையிலிருந்து மீட்கும்போது பத்தில் எட்டு ஒன்பது தேறும். விந்தணுவோடு சேர்க்கும்போது மேலும் சில கருவுறாமல் போகும். கருவுற்றவற்றில் ஏறக்குறைய பாதியே ஐந்தாம் நாள் வரை வளரும். அப்படி வளர்ந்தவற்றிலும் எல்லாம் கருப்பையில் ஒட்டிக்கொள்வதில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் எடுத்த பதினைந்து இருபது முட்டைகள் கையில் இருந்தால் ஒரு குழந்தை பிறப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதே நேர்மையாகச் சொல்லத்தக்க அளவு. இணையர் இருந்தால் கருவாக்கியும் சேமிக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது அந்தக் கரு இருவருக்கும் உரியதாகிவிடுகிறது, பிரிந்த பின் ஒருவர் மறுத்தால் மற்றவர் அதைப் பயன்படுத்த முடியாத நிலை பல நாடுகளில் உண்டு. இருபதுகளில் இருப்பவர்களுக்கு முட்டையாகவே சேமிப்பது மேல் என்பது என் கருத்து.

சினைப்பைத் திசுவையே வெட்டியெடுத்து உறைய வைப்பது மற்றொரு வழி. புற்றுநோயாளிகளுக்காக உருவான இம்முறையில் முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. அமெரிக்கச் சங்கம் இதையும் 2019இல் சோதனை நிலையிலிருந்து நீக்கியது. இதற்கு ஹார்மோன் தூண்டல் தேவையில்லை, பிறப்புறுப்பு வழி ஸ்கேன் தேவையில்லை. கருப்பை, சினைப்பை அகற்றும் அறுவை சிகிச்சையின்போதே திசுவை எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இது திருநம்பிகளுக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். ஆனால் இம்முறையில் பிறந்த குழந்தைகள் எல்லாம், சேமித்த திசுவை மீண்டும் உடலுக்குள் பொருத்தியதால் பிறந்தவர்கள். பொருத்தினால் ஈஸ்ட்ரோஜென் சுரப்பும் திரும்ப வரும். உடலுக்குள் வைக்காமல் ஆய்வுக்கூடத்திலேயே முட்டையை முதிரச் செய்து குழந்தை வரை கொண்டுசெல்வதுதான் திருநம்பிகளுக்கு வேண்டியது. அந்தத் தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை. அப்படி முதிரச் செய்த முட்டைகள் கருவுற்றாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிடுவதைத்தான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே திசுச் சேமிப்பை வருங்காலத்தை நம்பி வைக்கும் முதலீடாகக் கருதலாம், கைவசம் உள்ள உறுதியாகக் கருதக் கூடாது. பருவ வளர்ச்சியின் தொடக்கத்திலேயே அதை நிறுத்திவைக்கும் மருந்து பெற்று, நேரடியாக டெஸ்டோஸ்டிரோனுக்குச் செல்லும் இளையோருக்குச் சேமிக்க முதிர்ந்த முட்டையே இருக்காது என்பதால், திசுச் சேமிப்பைப் பற்றிய பேச்சு அவர்கள் விஷயத்தில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியாகவும் சேர்ந்தும் மருத்துவரிடம் பேச வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும்.

அறுவை சிகிச்சை குறித்து ஒரு சொல். கருப்பையை அகற்றுவதும் சினைப்பையை அகற்றுவதும் வேறு வேறு முடிவுகள். ஒன்றைச் செய்யும்போது மற்றொன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருப்பையை எடுத்துவிட்டுச் சினைப்பைகளை வைத்துக்கொண்டால் பின்னாளில் முட்டை எடுக்கும் வாய்ப்பு எஞ்சுகிறது. சில ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டாலே புற்றுநோய் வந்துவிடும், அதனால் கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு இன்று போதிய ஆதாரம் இல்லை. இரண்டு சினைப்பைகளும் போய்விட்டால், முன்பே சேமித்து வைத்திருந்தாலொழிய, தன் மரபணுவில் குழந்தை என்ற வழி முற்றிலும் அடைபட்டுவிடும். அதனால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் இந்தப் பேச்சை மீண்டும் ஒருமுறை நடத்த வேண்டும். இருபது வயதில் வேண்டாம் என்றவர் முப்பதில் வேறு விதமாக எண்ணியிருக்கலாம்.

தானே கருவைச் சுமக்க விரும்பும் திருநம்பிகளும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தாமஸ் பீட்டி, தம் மனைவியின் கருப்பை அகற்றப்பட்டிருந்ததால், டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தித் தாமே கருவுற்று 2008இல் முதல் குழந்தையையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேலும் இரண்டு குழந்தைகளையும் பெற்றபோது, உலகச் செய்தி ஊடகங்கள் அதை விந்தையாகவே காட்டின. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பாலின மாற்றத்துக்குப் பின் பிள்ளை பெற்ற 41 திருநம்பிகளின் அனுபவங்களைத் தொகுத்தது. அவர்களில் 25 பேர் முன்பு டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்கள். அந்த 25 பேரில் ஐந்தில் நான்கு பேருக்கு மருந்தை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் மாதவிடாய் திரும்பியது. மற்றவர்கள் மாதவிடாய் திரும்பும் முன்பே கருவுற்றார்கள். பெரும்பாலோர் தம் சொந்த முட்டையிலேயே கருவுற்றவர்கள். இது பிள்ளை பெற்றவர்களை மட்டுமே கேட்டறிந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. முயன்றும் கருத்தரிக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

கருவுற்ற நிலையில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளவே கூடாது. கருவிலிருப்பது பெண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பின் வளர்ச்சியை, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், அது மாற்றிவிடும். கருவுறத் திட்டமிடுபவர் முன்கூட்டியே மருந்தை நிறுத்திவிட வேண்டும். திட்டமிடாமல் கருவுற்றது தெரியவந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு டெஸ்டோஸ்டிரோன் எடுத்தார் என்பதற்காகவே அறுவை சிகிச்சைப் பிரசவம் வேண்டும் என்பதில்லை. இரு வகையிலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் எஞ்சிய சுரப்பித் திசு கர்ப்ப காலத்தில் வீங்கலாம், பாலும் சுரக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். பிரசவத்துக்குப் பிறகு எப்போது மீண்டும் டெஸ்டோஸ்டிரோன் தொடங்குவது என்பது, பால் கொடுக்க விரும்புகிறாரா என்பதைப் பொறுத்தது. டெஸ்டோஸ்டிரோன் பால் சுரப்பைக் குறைக்கும். மாதக்கணக்கில் ஹார்மோன் இல்லாமல் இருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வரக்கூடும் என்பதால், உடன் இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சுமக்க விரும்பாதவருக்கும் வழி உண்டு. இணையருக்குக் கருப்பை இருந்தால், திருநம்பியின் முட்டையிலிருந்து ஐ.வி.எஃப். முறையில், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வுக்கூடத்தில், உருவாக்கிய கருவை இணையர் சுமக்கலாம். விந்தணுவை நன்கொடையாளரிடமிருந்து பெறலாம். முட்டையே வேண்டாம் என்றால், இணையரின் முட்டையும் நன்கொடை விந்தணுவும் போதும், இதற்குத் திருநம்பியின் உடலில் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. வாடகைத்தாய் முறையும் தத்தெடுப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டங்களுக்கு உட்பட்டவை. திருநர்களைப் பெயர் சொல்லி விலக்கும் சட்டங்களும், எதுவும் சொல்லாமல் நடைமுறையில் விலக்கும் சட்டங்களும் இருப்பதால், பணமும் காலமும் செலவிடும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பெற்றவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எப்படிப் பதிவாகும் என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தில் சட்டப்படி ஆணாக ஏற்கப்பட்ட ஒருவர் பிள்ளை பெற்றபோது அவரைத் "தாய்" என்றே பதிவு செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இலும் தீர்ப்பளித்தன. குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, மருத்துவ ஒப்புதல் எல்லாவற்றிலும் இந்தப் பதிவு பின்தொடரும் என்பதால், பிறப்பதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

சேமிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆவணங்களில் கவனமாக இருக்க வேண்டும். முட்டைகளைச் சேமிக்கும்போது பெரும்பாலோர் பழைய பெயரிலும் பழைய பாலினத்திலுமே படிவங்களை நிரப்பியிருப்பார்கள். ஆண்டுகள் கழித்து வேறு பெயரில், வேறு அடையாள அட்டையோடு, தாடியும் கனத்த குரலுமாக அதே மையத்துக்குத் திரும்பும்போது, அந்த முட்டைகள் தம்முடையவை என்று அவர்கள் நிறுவ வேண்டியிருக்கும். ஆகவே பெயர் மாற்றம் நடந்தவுடன் அதற்கான சான்றைச் சேமிப்பகத்துக்கு அனுப்பி, இரண்டு பெயர்களும் ஒரே நபருக்கு உரியவை என்று எழுத்தில் பெற்றுக்கொள்வதும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், ஆண்டுக் கட்டணம் தவறினால் என்ன செய்வார்கள், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் முட்டைகள் யாருக்குப் போகும் என்பனவற்றை ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவதும் சிகிச்சையின் பகுதிகளே.